ஒன்பதாம் எண் வீட்டு நடுச்சுவர்

ரங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், ஒன்பதாம் எண் வீட்டின் நடுச்சுவர் இடிக்கப்பட்ட மூன்றாம் நாள், சாயங்காலம் ஏழு மணிக்குப் பேச ஆரம்பித்தது. சித்திரை பிறந்து மறுநாள், சனிக்கிழமை. தேக்கா சந்தையில் முருங்கைக்காய் விலை ஏறியிருந்தது. மத்தியானம் பெய்த மழையில் சந்தின் சாக்கடை நிறைந்து ஓடியது. சுவர் நின்ற இடத்தில் அப்போது சுவர் இல்லை. செங்கல்லையெல்லாம் சாக்கில் அள்ளி லாரியில் ஏற்றியாகிவிட்டது. வாசலிலிருந்து பின்கட்டுவரை தரையில் கால் முழ அகலத்துக்கு ஒரு சிமெண்டுத் தழும்பு மட்டும் ஓடியது. அந்தத் தழும்புக்கு மேலே, ஆள் நெஞ்சு உயரத்தில், வெறும் காற்றிலிருந்து ஓர் ஆண்குரல், "சுவரே, தபால்காரனுக்கு நம்ம வீடு தெரிஞ்சிருக்கு. கூடப் பொறந்தவருக்குத்தான் தெரியல" என்றது. இடது பாதியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த சுந்தரேசனுக்கு அது தன்னுடைய குரல்தான் என்று உடனே தெரிந்துவிட்டது. இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய குரல், இன்னும் பல் விழாத குரல். வலது பாதியில் உட்கார்ந்திருந்த அவருடைய அண்ணி மங்களம் தலையைத் தூக்கினாள். அடுத்து வந்த குரல் அவளுடைய புருஷன் ரெங்கசாமியுடையது. அவர் செத்து அப்போது ஐந்தரை வருடம் ஆகியிருந்தது.

வீட்டின் பூர்வோத்தரம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சகோதரர்களின் தகப்பனார் வெள்ளையடிக்கும் காண்ட்ராக்டர். அறுபத்தொன்றில் அந்த வீட்டை ஒரே வீடாகத்தான் வாங்கினார். பின்னால் தோட்டம், தோட்டத்தில் மாமரம், கறிவேப்பிலை, வேலியோரம் பப்பாளி. சின்னவனுக்கும் கல்யாணம் முடிந்த வாரமே, மருமகள்கள் ஒரே அடுப்பில் சமைத்தால் தன் கண்முன்னாலேயே குடும்பம் உடையும் என்று கணக்குப் போட்டு, தானே கொத்துக்கரண்டி பிடித்து நடுவில் ஒரு அரைச்செங்கல் சுவரை எழுப்பினார். பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டு என்பார்கள்; அவர் முந்திக்கொண்டு பதம் வருவதற்கு முன்பே தடுத்துவிட்டார். வலது பாதி மூத்தவர் ரெங்கசாமிக்கு. அவர் வயர்மேன், சொந்தமாக வேன் வைத்திருந்தார். இடது பாதி சுந்தரேசனுக்கும் அவர் மனைவி ரஞ்சிதத்துக்கும். சுந்தரேசன் பஸ் முனையத்தில் டைம் கீப்பர். தோட்டத்துக்கு மட்டும் சுவர் வைக்கவில்லை. அரைச்செங்கல் சுவர் என்பதால் ஒரு பக்கம் அப்பளம் பொரித்தால் மறுபக்கம் சத்தம் கேட்கும். இருபது வருடம் எல்லாரும் சௌக்கியமாகத்தான் இருந்தார்கள்.

தொண்ணூற்றேழில் ரெங்கசாமியின் மகள் நிவேதிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முந்நூறு பத்திரிகைக்குக் கல்யாணப்பெண்ணே முகவரி எழுதினாள். அப்பாவின் முகவரிப் புத்தகத்தில் இருந்த வரிசைப்படி எழுதிக்கொண்டே போனவள், சித்தப்பா பெயர் வந்ததும் அதையும் எழுதி, தபால்தலை ஒட்டி, கட்டோடு கட்டாகப் பெட்டியில் போட்டுவிட்டாள். சொந்தத் தம்பிக்கு, அதுவும் ஒரு செங்கல் தள்ளிக் குடியிருக்கும் தம்பிக்கு, வெற்றிலை பாக்கு தட்டில் வைத்துப் புருஷனும் பெண்சாதியுமாக நேரில் போய் அழைக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகை, ஊரின் கிழக்குக் கடைசிவரை போய் முத்திரை குத்திக்கொண்டு, மூன்றாம் நாள் அடுத்த வாசலில் வந்து விழுந்தது. ரெங்கசாமி அன்று சாயங்காலம் தட்டோடு போவதாகத்தான் இருந்தார். மஞ்சள் தடவிய பத்திரிகை தனியாக எடுத்தும் வைத்திருந்தார். ஆனால் அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தபால்காரன் பேச்சு கேட்டுவிட்டது. அவரும் இவருக்கு அண்ணன்தானே, ரோஷத்தில் இளைத்தவரா? சுவரைப் பார்த்துத் தானும் ஒன்று சொன்னார். சுந்தரேசன் கல்யாணத்துக்குப் போகவில்லை. பேச்சு நின்றது.

பேச்சு நின்ற வீடுகளில் நம்மவர்கள் ஊமையாகிவிடுவதில்லை. பூனையைத் திட்டுவார்கள், பாத்திரத்திடம் முறையிடுவார்கள். யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவருக்கு அது போய்ச் சேரும். இந்த இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் பில் வந்தால், "சுவரே, பில்லு வந்திருக்கு, பாதி அந்தப் பக்கம்." மாங்காய் பழுத்தால், "சுவரே, நாலு பழம் படிக்கட்டுல வச்சிருக்கு, எறும்பு வரதுக்குள்ள எடுத்துக்கச் சொல்லு." பதிலும் சுவருக்குத்தான். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். பெண்கள் இருவரும் தோட்டத்தில் சுவர் இல்லாத சௌகரியத்தில் கறிவேப்பிலை பறிக்கிற சாக்கில் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டதுண்டு. அதை ஆண்கள் தெரியாததுபோல் இருந்துவிட்டார்கள். இப்படியே இருபது வருடமும் மூன்று மாதமும் ஓடின.

இரண்டாயிரத்துப் பதினேழு செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நடந்ததை சுந்தரேசன் யாரிடமும் சொன்னதில்லை. மங்களம் கேலாங் சிவன் கோயிலுக்குப் போயிருந்தாள், குருப்பெயர்ச்சி சமயம். ரஞ்சிதம் சந்தைக்குப் போயிருந்தாள். வீட்டில் பாதிக்கு ஒருவர்தான். ரெங்கசாமி நெஞ்சு ஒரு மாதிரி இருப்பதாகச் சுவரிடம் சொன்னார். தம்பியை ஒரு எட்டு வந்து பார்க்கச் சொன்னார். சுந்தரேசன் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை மடிக்காமல் அதற்கு ஒரு பதில் சொன்னார். போகவில்லை. ஐந்து மணிக்கு மங்களம் போட்ட சத்தத்தில்தான் எழுந்து ஓடினார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள், கொஞ்சம் முன்னால் கூப்பிட்டிருக்கலாம் என்றார்கள். சாவு வீட்டில் அவர் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு, தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று எல்லாரும் மெச்சினார்கள். அந்த மெச்சலை அவர் வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வார்?

ஐந்தரை வருடம் கழித்து, முழங்கால்கள் படியேற மறுத்தபோது, வீட்டை விற்பதென்று முடிவானது. வீட்டுத் தரகர் அர்ஃபான் விவரம் தெரிந்தவர். பழைய வீடு அப்படியே போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ரினவேஷன் செய்து, சமையலறை மாற்றி, நடுச்சுவரை எடுத்துவிட்டால் கூட்டுக் குடும்பமும் வாங்கும், தனிக் குடும்பமும் வாங்கும் என்றார். இடித்தது அறந்தாங்கியிலிருந்து வேலைக்கு வந்த ஒரு தொழிலாளி. இரண்டாவது அடியிலேயே சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, செங்கல்லுக்குள் யாரோ இருமுகிறார்கள் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னார். தூசியில் அப்படித்தான் இருக்கும், முகமூடியைப் போடு என்று மேற்பார்வையாளர் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

முதல் வாரத்திலேயே விஷயம் என்ன என்பது பிடிபட்டுவிட்டது. சுவர் தன்னிடம் சொல்லப்பட்டதையெல்லாம் முதலிலிருந்து வரிசையாகத் திருப்பிச் சொல்கிறது. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு மாதத்துப் பேச்சு. அரைமணி நேரத்தில் முடித்துவிடும். இரண்டு பாதியிலும் ஆள் இருந்தால்தான் பேசும். ஒரு பக்கம் காலியாக இருந்தால் அன்றைக்கு விடுமுறை, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். கைப்பேசியில் பதிவு செய்து பார்த்தார்கள். மின்விசிறி சத்தம்தான் பதிந்தது. பேய் வீடுகளைப் படமெடுக்கும் ஒரு கோஷ்டி பேட்டரியும் கம்பியுமாக வந்து மூன்று நாள் உட்கார்ந்து, தண்ணீர் பில் பேச்சைக் கேட்டுவிட்டு, இதில் பயமுறுத்துகிற மாதிரி ஒன்றுமில்லை என்று கிளம்பிப் போனது. அர்ஃபான் மட்டும் ஒருநாள் மாலை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, வீடு பார்க்க வருகிறவர்களை இனிமேல் காலையில்தான் கூட்டி வருவேன் என்றார். "வேற பிரச்சினை இல்ல லா, ஆன்ட்டி. பைப் ஒழுகல, கரையான் இல்ல."

மங்களத்துக்கு அது பிரச்சினையாகவே தெரியவில்லை. எழுபத்துநாலு வயதில் தினமும் ஆறரைக்கு முகம் கழுவி, பொட்டு வைக்காத நெற்றியில் திருநீறு பூசி, தழும்பிலிருந்து இரண்டடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். புருஷன் தண்ணீர் பில்லைப் பற்றிப் பேசினாலும் சிரித்தாள். கண்ணீர் வந்தால் துடைக்கவில்லை. இந்தப் பக்கம் ரஞ்சிதமும் உட்கார்ந்துகொள்வாள். பதினொன்றாம் சாயங்காலமோ பன்னிரண்டாம் சாயங்காலமோ, தன்னுடைய பழைய குரல் ரசத்துக்குப் புளி கேட்பதைக் கேட்டு, என் தொண்டை இவ்வளவு நன்றாகவா இருந்தது என்று அவளே ஆச்சரியப்பட்டாள்.

சுந்தரேசன் அந்த வியாழக்கிழமை எப்போது வரும் என்று கணக்குப் போட்டார். முப்பத்தொரு வருடம் பஸ் நேரம் குறித்தவருக்கு இது சின்னக் கணக்கு. நாள்காட்டியை எடுத்து எண்ணினார். இருநூற்று நாற்பத்துநாலாவது சாயங்காலம். டிசம்பர் நடுவில். அன்று ஏழு மணிக்கு அண்ணன் கூப்பிட்டதையும், அதற்குத் தான் சொன்ன பதிலையும் அண்ணி கேட்பாள், பெண்சாதி கேட்பாள். அதற்குள் வீட்டை விற்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டால் தப்பித்தார். ஆளே மாறிப்போனார். வீடு பார்க்க வருகிறவர்களுக்குத் தானே தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார், மாமரம் வருடத்துக்கு இரண்டு போகம் காய்க்கும் என்று அளந்துவிட்டார், காற்றோட்டம் சொன்னார், எம்ஆர்டி ரயில் நிலையம் எத்தனை நிமிடம் என்று நடந்தே காட்டினார். ஜூலையில் ஒரு டாக்டர் குடும்பம் அன்றே முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்தது. ஆனால் பாதி வீடு மங்களத்துடையது, அவள் கையெழுத்து வேண்டும். அவள் அர்ஃபானிடம் நிதானமாகச் சொன்னாள். "அவரு பேசி முடிக்கட்டும், தம்பி. அவரு போகும்போது நான் பக்கத்துல இல்ல. கடைசியா என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது. அதக் கேட்டுட்டு நான் கையெழுத்துப் போட்டுடுறேன்."

அர்ஃபான் இதை வந்து சுந்தரேசனிடம் சொன்னார். டாக்டர் குடும்பம் வேறு வீடு பார்த்துக்கொண்டது.

அதன்பின் அவர் வேறு வழி தேடினார். ஒரு பாதி காலியாக இருந்தால் சுவர் பேசாது அல்லவா? ஆறு மணிக்கே சட்டையை மாட்டிக்கொண்டு ரஞ்சிதத்தைக் கோயிலுக்குக் கூப்பிட்டார், கடற்கரைக்குக் கூப்பிட்டார், நாற்பத்தைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் முதன்முறையாகச் சினிமாவுக்குக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. இந்த வயதில் எனக்குக் கால்தான் வலிக்கிறது, காது நன்றாக இருக்கிறது, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் நீங்கள் போங்கள் என்றுவிட்டாள். வருடங்கள் ஒவ்வொரு மாலையிலும் உதிர்ந்தன. மகாராஷ்டிரக் கடைக்காரன் சந்தை விட்டுப் போனது, சார்ஸ் காய்ச்சலில் தெருவே வெறிச்சோடியது, மாமரத்தில் குளவி கட்டியது, எல்லாம் சுவர் வாயால் வந்தன. ஒரு சாயங்காலம் ரஞ்சிதத்தின் கர்ப்பப்பை ஆபரேஷன் வந்தது. "சுவரே, ஆஸ்பத்திரிக்குப் போக வேன் வாசல்ல நிக்குது. சாவி செருப்பு அலமாரி மேல இருக்கு. நான் ஓட்டணும்னு இல்ல, அவங்களே ஓட்டிக்கலாம்." அன்றைக்கு சுந்தரேசன் டாக்சி பிடித்தார். அந்தச் சாவியை அப்போது அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இப்போது கேட்டதும் எழுந்து தோட்டத்துக்குப் போய் இருட்டும்வரை நின்றார். அவருக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அண்ணன் போனபிறகு, மங்களம் சுவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், அவர் நிறுத்தவில்லை. தினமும் பொழுது சாயும் நேரம் உள்ளங்கையைச் சுவரில் வைத்து நின்று அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். ஐந்தரை வருடம். அதுவும் சுவரிடம்தானே இருக்கிறது? அந்தப் பதிலுக்கு அடுத்த நாளே அதுவும் வரத்தானே வேண்டும்?

தீபாவளிக்கும் இரண்டு கல்யாணங்களுக்கும் வீடு பூட்டியிருந்ததால் அந்தச் சாயங்காலம் டிசம்பர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போனது. கிளமெண்டியிலிருந்து நிவேதிதா மல்லிகைப்பூவோடு வந்து அப்பா படத்துக்குப் போட்டாள். அன்று அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றியதாகச் சொன்னாள். ஆறே முக்காலுக்கு சுந்தரேசன் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தார். ரஞ்சிதம் எழுந்து போய் அதை அணைத்துவிட்டு, அக்கா கேட்க வேண்டாமா என்று சொல்லி உட்கார்ந்தாள். ஏழு மணிக்குச் சுவர் பேசியது. அந்த மாதத்தில் பெரிதாக ஒன்றுமில்லை: குப்பைத் தொட்டி, ஒரு மின்சாரத் தடை, பப்பாளியில் அணில். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கும் சத்தம். ரெங்கசாமியின் குரல் மிகவும் மெதுவாக வந்தது. "சுவரே, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. அவன ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு."

செய்தித்தாள் சரசரக்கும் ஒலி. சுந்தரேசனின் குரல், தெளிவாக, ஒரு சிரிப்போடு: "சுவரே, தபால்ல போடச் சொல்லு. வர்றப்ப வரட்டும்."

அவ்வளவுதான். நாற்காலி இழுபடுகிற ஒரு சத்தம் மட்டும் இருந்தது. அது அண்ணனுடையதா, அங்கே அப்போது எழுந்த நிவேதிதாவுடையதா என்பது கடைசிவரை தெரியவில்லை. தபால்தலையை ஒட்டிய கை அவளுடையது. அந்தக் கையை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ரஞ்சிதம் தன் புருஷனைப் பார்க்கவில்லை. மங்களம் எழுந்தாள், மின்விசிறியை நிறுத்தினாள், நாற்காலியை மடக்கிச் சுவரோரம் சாய்க்கப் போனாள். அங்கே சுவர் இல்லாததால் நாற்காலி தடால் என்று தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

மறுநாள் காலையில், யார் வந்தாலும் கொடுத்துவிடு என்று அர்ஃபானிடம் சொல்லிவிட்டாள். அவள் பெட்டி கட்டுவதை சுந்தரேசன் இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டு மாதம் ஓடு ஓடு என்று ஓடியவர் இப்போது நிறுத்தப் பார்த்தார். தழும்பைத் தாண்டிப் போய், இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். "அண்ணி, அதுக்கப்புறம் தெனம் சுவருகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கேன். யாரும் சொல்லிக் கேக்கல, நானா கேட்டேன். அது இனிமேதான் வரும். இன்னும் ரெண்டு மாசம் இருங்க. உங்க காதால கேட்டுட்டுப் போங்க."

"புடிபட்ட பொறவு எல்லாரும் சொல்றதுதான், தம்பி," என்றாள் மங்களம். கோபமாகச் சொல்லவில்லை. இழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களைப்போல யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி மகளின் காரில் ஏறினாள். வலது பாதி காலியானது. அன்று முதல் சுவர் பேசவில்லை. சுந்தரேசன் ரஞ்சிதத்தை அந்தப் பக்கம் போய் உட்காரச் சொன்னார். அவள் போகவில்லை.

பொங்கலுக்குப் பிறகு வீடு விலைபோனது. வாங்கியவர்கள் லிம் என்ற ஆசிரியரும் அவர் மனைவியும், அவரும் ஆசிரியைதான். இரண்டு பெண் குழந்தைகள். தமிழ் அவர்களுக்குத் தெரியாது. சாயங்காலம் கொஞ்சம் பேச்சுச் சத்தம் வரும் என்று அர்ஃபான் மறைக்காமல் சொன்னார். ரயில் சத்தத்தைவிடப் பரவாயில்லை என்று லிம் கையெழுத்துப் போட்டார். சுந்தரேசனும் ரஞ்சிதமும் பாசிர் ரிஸ்ஸில் ஒன்பதாவது மாடிக்குப் போனார்கள். அங்கே ரஞ்சிதம் குளிர்சாதனப் பெட்டியோடு பேசத் தொடங்கினாள். சோறு ஆறுகிறது என்று அதனிடம் சொல்வாள், மாத்திரை மேசை மேல் இருக்கிறது என்பாள். சுந்தரேசன் பதிலை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவார். அண்ணியைப் பார்க்க ஒருமுறை கிளமெண்டி போனார். நிவேதிதா மின்தூக்கி வாசலிலேயே நின்று, அம்மா தூங்குகிறார் சித்தப்பா என்றாள். அப்போது காலை பதினொரு மணி.

லிம் குடும்பம் மே மாதக் கடைசியில் குடிவந்தது. வந்த மறுநாளே சுந்தரேசன் போய்க் கதவைத் தட்டினார். தனக்குத் தபால் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டார். வரவில்லை என்றார்கள். பிறகு தயங்கித் தயங்கி, சாயங்காலம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார். லிம்மின் மனைவி வெளியே மழை வருவதைப் பார்த்தார், வந்தவரின் முழங்காலைப் பார்த்தார், உள்ளே வரச் சொல்லி ஒரு நாற்காலி போட்டார். வலது பாதியில், தோட்டக் கதவுக்குப் பக்கத்தில், முன்பு மங்களம் உட்கார்ந்த இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் அது அமைந்தது. ஏழு மணிக்கு, குழந்தைகள் இடது பக்கம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்க, சுவர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. அந்தம்மா அடுப்புக்கு மேலே ஓடும் புகைபோக்கி விசிறியை நிறுத்தினார். யாரோ பேசும்போது சத்தம் போடக்கூடாது என்பது அவர் வளர்ந்த விதம். குழந்தைகள் அந்தக் குரலுக்கு 'வால் அங்கிள்', அதாவது சுவர் மாமா, என்று பெயர் வைத்தார்கள்.

ஐந்தரை வருடம் என்றால் அறுபத்தேழு மாதம், அறுபத்தேழு சாயங்காலம். தினமும் பாசிர் ரிஸ்ஸிலிருந்து ரயில் மாறி ரயில் மாறி அவர் வந்தார். சில நாள் லிம் அவருக்குக் காப்பி கலந்து கொடுத்தார். முதல் சாயங்காலத்தில் அவருடைய குரல், "சுவரே, பதினாறு முடிஞ்சுது" என்றது. பிறகு ஒன்றுமில்லை. இரண்டாவது சாயங்காலம், "சுவரே, பின்பக்கக் குழாய் சொட்டுது." அவர் காத்திருந்தார். மழை வரும்போல இருக்கிறது, துணி காய்கிறது, மாங்காய் இந்த வருடம் புளிப்பு, பில் கட்டியாயிற்று. நடுநடுவே நீண்ட மௌனங்கள். அந்த மௌனங்களில் தன் மூச்சைக்கூட அவர் கேட்டார். ஒவ்வொரு மௌனமும் தொடங்கும்போது, இதோ வந்துவிட்டது என்று முன்னால் குனிந்தார். மௌனம் முடிந்ததும் பூனை குப்பையைக் கிளறியதைப் பற்றி அந்தக் குரல் சொன்னது. இருபதாவது நாள் ஆயிற்று. கோவிட் வந்தது, முகமூடி விலை வந்தது, நாற்பதாவது நாள் ஆயிற்று. மன்னிப்பு வரவில்லை.

ஆகஸ்டு முதல் வாரத்தில், தேசிய தினத்துக்காகச் சந்தில் வீட்டுக்கு வீடு கொடி தொங்கிய ஒரு மாலையில், கடைசி மாதம் வந்தது. "சுவரே, நாளைக்கு ஒன்ன இடிக்க வர்றாங்க. தூசி பறக்கும், துணிய எடுத்துக்கச் சொல்லு," என்றது அவர் குரல். அதற்குப் பிறகு சுவரிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. சுந்தரேசன் நாற்காலியிலேயே இருந்தார். கையைச் சுவரில் வைத்தது உண்மை. தினமும் நின்றது உண்மை. நெஞ்சு முழுக்க அந்த வார்த்தைகள் இருந்ததும் உண்மை. வாய் மட்டும் குழாயைப் பற்றியும் துணியைப் பற்றியும் பேசிவிட்டு மூடிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருடமும் சொல்லியாயிற்று என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணி இரண்டு மாதம் இருந்திருந்தால், அறுபத்தேழு நாளும் உட்கார்ந்து தண்ணீர் பில்லைத்தான் கேட்டிருப்பாள். அவள் போனதே நல்லது என்று அப்போது அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

எழுந்தார். புதுத் தரைப்பலகைக்கு அடியில் அந்தத் தழும்பு எங்கே ஓடுகிறது என்று அவருக்கு மட்டும் தெரியும். அங்கே போய் நின்று கையை உயர்த்தினார், வைக்க இடமில்லாமல் கீழே போட்டார்.

"அண்ணே," என்றார். "நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. கேட்டுத்தான் வரல."

சமையலறையில் அந்தம்மா திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டிப் புகைபோக்கியை நிறுத்தினார். இடது பக்கம் குழந்தைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். வால் அங்கிள் இன்றைக்கு இரண்டு தடவை பேசுகிறார் என்று பெரியவள் நோட்டிலிருந்து தலையெடுக்காமல் சொன்னாள். அந்தக் குரல் முடியும்வரை அந்தம்மா மீனைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு நின்றார். முடிவதற்குக் கொஞ்சம் நேரமானது. முடிந்ததும் புகைபோக்கியை மறுபடி போட்டுவிட்டு, மீனை எண்ணெயில் இறக்கினார்.